இன்று வந்தவர்கள்: 0

பிப்ரவரி இருபத்தொன்று, சனிக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு ராங்கெலின் மனைவி எழுதவில்லை.

அதில் வியக்க ஒன்றுமில்லை என்று நீங்கள் சொல்லலாம். நெவேனா இறந்தது அக்டோபர் இரண்டாம் தேதி. ஆனால் அதற்குப் பிறகு வந்த இருபது சனிக்கிழமைகளிலும் அவள் தவறாமல் எழுதியிருந்தாள். இருபத்தோராவது சனிக்கிழமைதான் முதல் தவறு. அதனால்தான் ராங்கெல் திகைத்துப் போனார்.

விஷயம் இதுதான். நெவேனா முப்பது வருஷம் வானொலிப் பெட்டித் தொழிற்சாலையில் பழுது பார்த்தவள். ஓய்வு பெற்றதும் 'சின்னப் பழுதுகள்' என்று ஒரு வலைப்பதிவு தொடங்கினாள். ஒழுகும் குழாய், முனகும் கதவு, தானே அணையும் அடுப்பு என்று வாரத்துக்கு ஒரு பழுது. அது ஏன் வருகிறது, எப்படிச் சரிசெய்வது. சென்ற வசந்தத்தில் தன் உடம்பின் பழுது சின்னது இல்லை என்று மருத்துவர்கள் சொன்ன பிறகு, கோடை முழுக்க எட்டாம் மாடி பால்கனியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து எழுதினாள். எழுதிய ஒவ்வொன்றுக்கும் ஒரு வருங்காலச் சனிக்கிழமையைக் குறித்து வைத்தாள். குறித்த நாளில், குறித்த மணிக்கு, மென்பொருள் தானே அதை வெளியிட்டுவிடும்.

"மொத்தம் எத்தனை எழுதியிருக்கே?" என்று ராங்கெல் ஒருமுறை கேட்டார்.

"எண்ணிக்கிட்டு உக்காராத. வந்துக்கிட்டே இருக்கும்னு வெச்சுக்கோ."

சலவை இயந்திரம் மூன்றாவது சுற்றில் நின்றால் இடப்பக்கம் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்ட வேண்டும், 'உதைக்கக் கூடாது, ராங்கெல்' என்று நவம்பரில் வந்தது. குளிர்கோட்டின் உள்பை கிழிந்திருக்கிறது, சாவியைத் தேடினால் ஓரத் தையலுக்குள் பார் என்று டிசம்பரில் வந்தது. சாவி அங்கேதான் இருந்தது. ஒவ்வொரு பதிவின் கீழும் ராங்கெல் 'படித்தேன்' என்று பின்னூட்டம் போடுவார். அதற்காகவே அவள் அவருக்கு ஒரு வாசகர் கணக்கு திறந்து, அவருடைய கணினியில் உள்நுழைத்தும் வைத்திருந்தாள். கடவுச்சொல்லைச் சொல்லவில்லை. "உனக்கு எதுக்கு? உள்ளேதான இருக்கே," என்றாள்.

அப்படி உள்ளே இருப்பவருக்கு மட்டும் பக்கத்தின் தலையில் ஒரு வரி தெரியும்: 'வந்துட்டியா ராங்கெல்? செருப்பைக் கழட்டிட்டு வா.' பக்கத்தின் அடியில் இன்னொரு வரி: 'இன்று வந்தவர்கள்: 1'. தேடுபொறிகள் உள்ளே வரக் கூடாது என்று நெவேனா ஆரம்பத்திலேயே தாழ்ப்பாள் போட்டிருந்தாள். அதனால் அந்த ஒருவர் எப்போதும் ராங்கெல்தான்.

அன்றைக்குப் புதுப் பதிவு இல்லை. அதோடு, அவர் காபியும் கையுமாகப் பக்கத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தும், அடியில் 'இன்று வந்தவர்கள்: 0' என்று இருந்தது.

ராங்கெல் இருபத்தாறு வருஷம் ரூசே நகரில் டிராலி பஸ் ஓட்டியவர். வண்டி நின்றால் முதலில் இறங்கிப் போய், மேலே ஓடும் மின்கம்பியில் வண்டியின் கழி தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் பயணிகளைத் திட்டக் கூடாது. இணையம் இருந்தது. மின்சாரம் இருந்தது. அணைத்துப் போட்டார். கண்ணாடியைத் துடைத்தார். பதினோரு மணிக்குப் பக்கத்தின் அடியில் இருந்த சிறிய எழுத்துகளைப் படித்தார்.

'பெரோ 7.4.1 இன்று காலை தானாக நிறுவப்பட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள், இதர திருத்தங்கள். உங்கள் தளம் இப்போது முன்னைவிடப் பாதுகாப்பானது. நீங்கள் எதுவும் செய்யத் தேவையில்லை.'

அவராலும் எதுவும் செய்ய முடியவில்லை. அந்த மட்டில் அறிவிப்பு சரிதான்.

பெரோ என்பது அந்த மென்பொருளின் பெயர். திறந்த மூல மென்பொருள். அதாவது அதன் உள்வேலை முழுவதும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கடிகாரம் போல எல்லார் கண்ணுக்கும் தெரியும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், பழுதைச் சொல்லலாம், திருத்தலாம். மனிதர்கள் யோசித்த அழகான ஏற்பாடுகளில் இது ஒன்று. அதைக் காப்பாற்ற ஓர் அறக்கட்டளை தேவைப்பட்டது. அறக்கட்டளை வந்ததும், 'யார் வேண்டுமானாலும்' என்றால் யார் என்று தீர்மானிக்க ஒரு குழு தேவைப்பட்டது. குழு ஒன்பது வருஷமாகத் தீர்மானித்துக்கொண்டிருந்தது.

பழுதைச் சொல்வதற்கு ஒரு படிவம் இருந்தது. ராங்கெல் அதை நேர்மையாக நிரப்பினார்.

'நீங்கள் எதிர்பார்த்தது என்ன?' — 'என் மனைவி சனிக்கிழமை ஒன்பது மணிக்கு எழுதுவாள் என்று.'

'நடந்தது என்ன?' — 'எழுதவில்லை. நான் வந்ததாகவும் கணக்கில் இல்லை.'

'இதை நாங்கள் மறுபடி நிகழ்த்திப் பார்ப்பதற்கான படிகளை வரிசையாகத் தருக.' இங்கே அவர் வெகுநேரம் யோசித்தார். கடைசியில் எழுதினார்: 'முதலில், முப்பத்து நான்கு வருஷம் ஒருத்தியோடு வாழ வேண்டும். இரண்டாவது, அவள் இறந்துபோக வேண்டும். மூன்றாவது, சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டும்.'

நான்கு விநாடியில் பதில் வந்தது. 'புகார் எண் 20118. நீங்கள் தந்த படிகளைச் செய்துபார்க்க எங்களிடம் ஆள் இல்லை. நிகழ்த்த முடியாத பழுது, பழுது அல்ல. மூடப்பட்டது.'

எண்ணிக்கை பூஜ்யம் காட்டுவதைத் தனியாக எழுதினார். 'இது 20118இன் நகல். 20118 மூடப்பட்டதால் இதுவும் மூடப்பட்டது.'

அப்படியானால் யாரிடம் கேட்பது என்று எழுதினார். 'இது பழுது அல்ல, கேள்வி. மூடப்பட்டது. எங்கள் சேவைக்கு ஐந்து நட்சத்திரம் தர விரும்புகிறீர்களா?'

அதற்குக் கீழே ஓர் அறிவிப்பு இருந்தது. பெரோ 7.5 ஏப்ரல் இரண்டாம் தேதி நண்பகலில் தானாக நிறுவப்படும். தவணை தவறி நாற்பது நாளான பதிவுகளை அது கண்டுபிடித்து நீக்கும், தளங்கள் தூய்மையாக இருப்பதற்காக.

ராங்கெல் நாள்காட்டியை எடுத்து விரலால் எண்ணினார். பிப்ரவரி இருபத்தொன்றிலிருந்து நாற்பதாவது நாள் ஏப்ரல் இரண்டு. எண்ண வேண்டிய அவசியமே இல்லை. அந்தத் தேதியை அவர் ஏற்கெனவே பென்சிலால் வட்டமிட்டு வைத்திருந்தார். அன்றைக்கு நெவேனா போய் அரை வருஷம்.

*

அறக்கட்டளை துறைமுகத்துக்குப் பக்கத்தில், பழைய கப்பல் கழகக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் ஒரு பலகை: 'திறந்திருக்கும் புகார்கள்: 0'. அதற்கு முன்னால் பதினான்கு பேர் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள்.

கண்ணாடிச் சாளரத்துக்குப் பின்னால் பாவ்லினா என்ற அம்மாள் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, இங்கே எல்லாரும் தன்னார்வலர்ங்க," என்றாள் அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே. "அதனால யாரையும் எதுக்கும் கேக்க முடியாது. சொல்லுங்க, என்ன வேணும்?"

"சனிக்கிழமை ஒரு பதிவு வரணும்மா. வரல."

"நீங்க தளத்தோட நிர்வாகியா?"

"இல்லம்மா. வாசகர்."

"வாசகர் பழுது சொல்லக் கூடாதுங்க. படிக்கலாம். நிர்வாகியை வரச் சொல்லுங்க."

"அவ இறந்துட்டா."

பாவ்லினா விதைத் தோலைக் காகிதத்தில் வைத்தாள். அவள் முகம் உண்மையாகவே வாடியது. "அடடா. கடவுள் அவங்க பாவத்தை மன்னிக்கட்டும். எப்ப?"

"அக்டோபர்ல."

"அப்ப இருந்து கடவுச்சொல் மாத்தலையா?" என்று பதறினாள். "ஆறு மாசத்துக்கு ஒருதரம் மாத்தணுமே! அவங்ககிட்ட சொல்லுங்க… சரி, சொல்ல முடியாது. அப்ப அவங்க ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாப் போதும், மத்ததை நான் பாத்துக்கிறேன்."

"என்னன்னு கையெழுத்து?"

"உயிரோட இருக்கேன்னு. அது இல்லாட்டி இல்லைன்னு. ரெண்டுக்கும் ஒரே படிவம்தான்."

பக்கத்து நாற்காலியில் இருந்த ஒருவர் தாழ்ந்த குரலில் சொன்னார்: "அண்ணே, வாதாடாதீங்க. நான் உயிரோடதான் இருக்கேன், எனக்கே கொடுக்க மாட்டேங்கிறாங்க."

ராங்கெல் ஆறு முறை போனார். மூன்றாவது முறை முத்திரை குத்திய இறப்புச் சான்றிதழைக் கொண்டுபோனார். அதுதான் அவர் செய்த தவறு என்று பின்னால் அவரே சொல்வார். இந்த ஊரில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முத்திரை உள்ள காகிதம் ஒன்றைக் கூடவே நீட்டிப் பழகியவர்; கேட்கும் முன்பே நீட்டிவிட்டார். பாவ்லினா அதைப் படித்தாள். பிறகு அறக்கட்டளையிடம் இருந்த தளத்தின் காப்பு நகலை எடுத்துப் பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே ஓடினாள்.

பாதுகாப்புக் குழு உடனே கூடியது. தலைவர் வெலிச்கோவ், அவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு உறுப்பினர்கள், ஓரத்தில் மடிக்கணினியுடன் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். அந்தப் பெண்ணின் பெயர் ராதோஸ்தினா. அறக்கட்டளையில் நிரல் எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால் அவருக்கு வாக்குரிமை இல்லை.

"ராங்கெல் ஐயா," என்றார் வெலிச்கோவ், சான்றிதழை விளக்கு வெளிச்சத்தில் பிடித்தபடி. "உங்க மனைவி அக்டோபர் ரெண்டாம் தேதி இறந்தாங்க. சரிதானே?"

"சரி."

"அக்டோபர் நாலாம் தேதி ஒரு பதிவு போட்டிருக்காங்க."

"ஆமா. அடுப்புத் திரியைப் பத்தி."

"பதினொண்ணாம் தேதி இன்னொண்ணு. இப்படி இருபது." வெலிச்கோவ் சான்றிதழைக் கீழே வைத்தார். "இறந்து போன ஒருத்தரோட பேர்ல இருபது தடவை ஊடுருவல். இந்த அமைப்போட சரித்திரத்துல இதைவிடப் பெரிய அத்துமீறல் நடந்ததில்லை. நீங்க ஏன் இருபது வாரமா எங்களுக்குத் தகவல் சொல்லல?"

"ஐயா, அது அவதான். முன்னாடியே எழுதி வெச்சது."

"ஊடுருவுறவன் எல்லாருமே முன்னாடியே திட்டம் போடுறவன்தான்," என்றார் இடப்பக்க உறுப்பினர்.

"பதிவுகள்ல உங்க பேர் வருது," என்றார் வலப்பக்க உறுப்பினர். "உங்க குளிர்கோட்டோட உள்பை வரைக்கும் தெரிஞ்சிருக்கு. ஆபத்தான ஆளு."

"ஆபத்தான ஆளுதான்," என்றார் ராங்கெல். "நான் உதைப்பேன்னு அவளுக்கு முன்னாடியே தெரியும்."

ஓரத்தில் ராதோஸ்தினா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ராங்கெல் நேராகவே கேட்டார்: "இருபத்தொண்ணாம் தேதி வந்த புதுப்பிப்புல என்ன மாத்துனீங்க? அதை மட்டும் சொல்லுங்க. மத்ததை நானே பாத்துக்கிறேன்."

வெலிச்கோவ் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சொல்றேன். கவனமாக் கேளுங்க. நாங்க ஒரு ஓட்டையை அடைச்சோம். எந்த ஓட்டைன்னு சொன்னா, இன்னும் அடைக்காத தளங்கள்ல திருடன் புகுந்துருவான். அதனால நாற்பது நாள் மௌனம். நாற்பது நாள்ல எல்லாரும் புதுப்பிச்சிருவாங்க. அப்ப சொல்றதுக்கு அவசியமே இருக்காது. ஒன்பது வருஷத்துல நாங்க இருநூத்துப் பதினோரு ஓட்டையை அடைச்சிருக்கோம். ஒண்ணைப் பத்திக்கூட இதுவரைக்கும் ஒருத்தருக்கும் சொன்னதில்ல. எது ஓட்டை, எது அடைப்புன்னு எங்களுக்கே இப்ப தெரியாது. பாதுகாப்புன்னா அது."

"ஆனா எல்லாம் திறந்திருக்குன்னு வாசல்ல எழுதியிருக்கே, ஐயா."

"திறந்துதான் இருக்கு. நாலு லட்சம் வரி. போய்ப் படிங்க."

*

மார்ச் முழுவதும் சனிக்கிழமைகள் வந்தன, பதிவுகள் வரவில்லை. ராங்கெல் ஒன்பது மணிக்குக் காபியோடு உட்காருவார். 'வந்துட்டியா ராங்கெல்?' என்று பக்கம் கேட்கும். அதே பக்கம் அடியில் யாரும் வரவில்லை என்று சொல்லும். ஆறு பதிவுகள் உள்ளே எங்கோ நின்றுகொண்டிருந்தன. அவற்றில் என்ன எழுதியிருக்கிறாள் என்று தெரியாமல் அவர் சலவை இயந்திரத்தை மட்டும் கவனமாகத் தட்டிக்கொண்டிருந்தார். மார்ச் ஏழாம் தேதி குளியலறைக் குழாய் ஒழுகத் தொடங்கியபோது, பழுது பார்க்க ஆளைக் கூப்பிடாமல் அடியில் ஒரு வாளியை வைத்தார். அவள் ஏற்கெனவே எழுதியிருப்பாள். ஒருவேளை அதுவே இந்த வாரப் பதிவாக இருக்கலாம்.

ஏப்ரல் முதல் தேதி பிற்பகல் அறக்கட்டளையிலிருந்து அழைப்பு வந்தது. 7.5 வெளியீட்டு விழா. வர வேண்டும் என்று பாவ்லினா தொலைபேசியில் கெஞ்சினாள். ஒருவேளை திருத்திவிட்டார்களோ என்று நினைத்து ராங்கெல் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனார்.

மேசைகளில் பானித்ஸா என்ற பாலாடைக்கட்டிப் பலகாரமும் ரக்கியா என்ற பழச் சாராயமும் இருந்தன. அதிகப் புகார்களை மூடியவர்களுக்குப் பதக்கம் கொடுத்தார்கள். முதல் பரிசு, நான்கு விநாடியில் மூடும் இயந்திரத்துக்கு. அதன் சார்பில் பாவ்லினா வாங்கிக்கொண்டாள். பிறகு வெலிச்கோவ் மேடை ஏறினார்.

"நண்பர்களே! 7.5இல் பதினேழு திருத்தங்கள். அவற்றில் பதினாறு, 7.4.1இல் நாம் செய்த திருத்தங்களைத் திருத்துபவை. பதினேழாவது, அந்தப் பதினாறும் தேவைப்பட்டது யாருக்கும் தெரியாமல் இருப்பதற்கு. சிலர் கேட்கிறார்கள், இந்த மென்பொருள் யாருக்காக என்று. எழுதுகிறவர்களுக்காக என்று நானும் ஒரு காலத்தில் நம்பினேன். ஆனால் யோசித்துப் பாருங்கள்: எழுதுகிறவர் உள்ளே வருகிறார், எதையாவது அழுத்துகிறார், ஓட்டை உண்டாகிறது. படிக்கிறவர் வருகிறார், அவராலும் ஓட்டை உண்டாகிறது. யாரும் எழுதாத, யாரும் படிக்காத தளத்தில் இன்றுவரை ஒரு பழுதுகூடப் பதிவானதில்லை. நாம் அந்த இலக்கை நெருங்கிக்கொண்டிருக்கிறோம்!"

கைதட்டல் அடங்கியதும் அவர் ராங்கெலை மேடைக்கு அழைத்தார்.

"இதோ நம்முடைய திருத்தத்தின் வெற்றி. இருபது வாரமாக, மரணத்தாலேயே நிறுத்த முடியாத ஓர் ஊடுருவலை, 7.4.1 ஒரே காலையில் நிறுத்தியது. இந்த ஐயாவின் மனைவியை!"

எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். வெலிச்கோவ் ராங்கெலின் கையில் ஒரு சான்றிதழைக் கொடுத்தார். 'மேற்படி நெவேனாவிடமிருந்து இனி எதுவும் வராது என்று உறுதியளிக்கிறோம்' என்று அதில் இருந்தது. முத்திரையும் இருந்தது. ராங்கெலுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பழக்கத்தால் "நன்றி" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

மாடிப்படியில் யாரோ பின்னால் ஓடி வரும் சத்தம் கேட்டது. ராதோஸ்தினா. இரண்டு படி மேலேயே நின்றுவிட்டார்.

"ராங்கெல் அண்ணே, அந்தத் திருத்தத்தை எழுதினது நான்தான்," என்றார் மூச்சு வாங்க. "சொல்லக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். சொன்னா நாளைக்கு வேற யாரையாவது எழுத வைப்பாங்க. அவங்க யாருக்கும் எழுதத் தெரியாது."

"சொல்ல வேணாம்மா. விடுங்க."

"சொல்ல மாட்டேன். ஆனா கேக்கக் கூடாதுன்னு எங்கேயும் போடல. ஒண்ணு கேக்கட்டுமா?" அவர் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டார். "அந்த வீட்டுக்கு வெளியாளு யாராவது வர்றாங்களா?"

"எங்க வீட்டுக்கா?"

"அவங்க தளத்துக்கு. உங்களைத் தவிர."

ராங்கெல், அந்த ஊர் வழக்கப்படி, இல்லை என்று தலையை மேலும் கீழும் அசைத்தார்.

ராதோஸ்தினா படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நான் அதை நினைக்கவே இல்லண்ணே," என்றார். "எந்த வீட்டுக்கும் யாராவது ஒரு வெளியாளு வருவான்னுதான் நினைச்சேன்."

*

மறுநாள் விடிந்ததும் ராங்கெல் கணினியின் முன்னால் உட்கார்ந்து நெவேனாவின் பழைய பதிவுகளைப் பின்னோக்கிப் படித்தார். வருகிறவரைப் பற்றி அவள் ஏதோ எழுதியதாக ஞாபகம். ஏழரை மணிக்குக் கண்டுபிடித்தார். ஐந்து வருஷத்துக்கு முந்தைய பதிவு. அவர்கள் கட்டடத்து மாடிப்படி விளக்கைப் பற்றியது.

'நம் மாடிப்படி விளக்கு தானாக எரியாது. வருகிறவர் பொத்தானை அழுத்தினால் ஒரு நிமிஷம் எரியும். இந்த வலைப்பதிவும் அப்படித்தான். இதற்கென்று சொந்தக் கடிகாரம் கிடையாது. யாராவது கதவைத் திறந்தால் விழித்துக்கொண்டு, "மணி என்ன? இன்றைக்கு வெளியிட வேண்டியது ஏதாவது நிலுவையில் இருக்கிறதா?" என்று பார்க்கும். இருந்தால் வெளியிடும். ஒருவருமே வராவிட்டால் தூங்கிக்கொண்டே இருக்கும். பின்குறிப்பு: மாடிப்படி விளக்குப் பொத்தானில் தீக்குச்சியைச் செருகி நாள் முழுக்க எரியவிடும் தரைத்தளத்துத் தோப்ரி அவர்களுக்கு, அப்படிச் செய்தால் பல்பு போய்விடும்.'

ராங்கெலுக்கு எல்லாம் விளங்கியது. இத்தனை காலம் சனிக்கிழமை ஒன்பது மணிக்குப் பொத்தானை அழுத்தியவர் அவர்தான். உள்நுழைந்த ஒருவர் அந்தப் பொத்தானை வைத்து ஏதோ விஷமம் செய்ய முடியும் என்று பயந்து, வீட்டு ஆட்கள் அழுத்தினால் எரியாதபடி ராதோஸ்தினா மாற்றிவிட்டார். வெளியாள் அழுத்தினால்தான் எரியும். வீட்டு ஆட்களை வந்தவர்களாக எண்ணவும் எண்ணாது. வீட்டில் இருக்கிறவர் வருகிறவர் இல்லையே.

தீர்வு திரையிலேயே இருந்தது. வலது மூலையில் 'வெளியேறு' என்று ஒரு பொத்தான். அழுத்தினால் அவரே வெளியாள். உடனே ஆறு பதிவுகளும் வரும். 'வந்துட்டியா ராங்கெல்?' போய்விடும். கடவுச்சொல் தெரியாததால் திரும்ப உள்ளே வரவும் முடியாது. இனிமேல் 'படித்தேன்' என்று எழுத முடியாது. அவளுடைய வார்த்தைகளை அவர் ஒரு வழிப்போக்கனைப் போலப் படித்துவிட்டுப் போகலாம்.

சுட்டியை அந்தப் பொத்தானின் மேல் வைத்தார். வெகுநேரம் அப்படியே வைத்திருந்தார். மணி எட்டேகால் ஆனது. நண்பகலுக்குள் எப்படியும் அழுத்தித்தான் ஆக வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலையைச் செய்ய எழுந்தார். அரை வருஷ நினைவுத் தாள்களை ஒட்ட வேண்டும். அச்சகத்திலிருந்து நேற்றே வாங்கி வைத்திருந்தார். இருபது தாள், நெவேனாவின் படம், அடியில் 'அரை வருஷம், நெவேனா இல்லாமல்'. கட்டடத்து வாசலில், ரொட்டிக் கடைச் சுவரில், டிராலி பஸ் நிறுத்தத்தில், மருந்துக் கடை முன்னால் ஒட்டினால் போகிறவர் வருகிறவர் ஒரு கணம் நின்று படிப்பார்கள். தெரிந்தவர்களும் நிற்பார்கள், தெரியாதவர்களும் நிற்பார்கள்.

பசையும் தாளும் எடுத்துக்கொண்டு கதவு வரை போனவர் அங்கேயே நின்றார். திரும்பி வந்து மேசையில் உட்கார்ந்து பேனாவை எடுத்தார். இருபது தாளிலும், படத்துக்குக் கீழே, தளத்தின் முகவரியைப் பெரிய எழுத்தில் எழுதினார். அதன் அடியில்: 'வந்து போங்கள்.'

முதல் தாளைக் கட்டடத்து வாசலில் ஒட்டிக்கொண்டிருந்தபோது தோப்ரி ரொட்டிப் பையோடு வந்து பின்னால் நின்றார். தீக்குச்சிக்குப் பிறகு ஐந்து வருஷமாக அவர் எட்டாம் மாடியோடு பேசவில்லை. சவ அடக்கத்துக்கு மட்டும் வந்து, மெழுகுவத்தி ஏற்றிவிட்டுப் பேசாமல் போனார்.

"என்ன இது, அடியில?" என்றார்.

"அவ எழுதுற இடம்."

"என்னைப் பத்தி எழுதின இடமா? அந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

"தெரியும் தோப்ரி. அதான் கேக்கிறேன். ஒருதரம் திறந்து பாரேன்."

"நான் ஏன்யா? நீ போயி பாரு, உன் பொண்டாட்டி."

"நான் போனா வர மாட்டேங்குறாய்யா," என்றார் ராங்கெல். பசைத் தூரிகையால் ஒட்டிய தாளின் ஓரத்தை மறுபடி தடவினார்.

தோப்ரி அவரைப் பார்த்தார். தாளில் இருந்த படத்தைப் பார்த்தார். ரொட்டிப் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, முணுமுணுத்தபடி தொலைபேசியை எடுத்தார். கண்ணைச் சுருக்கி ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். பாதியில் தப்பாகி, திட்டி, மறுபடி தட்டினார்.

"ம். திறந்துருச்சு. சின்னப் பழுதுகள்." விரலை வரிமேல் வைத்துப் படித்தார். "குளியலறைக் குழாயைப் பத்திப் போட்டிருக்கா. உள்ள இருக்கிற ரப்பர் வளையம் தேஞ்சிருக்குமாம். புது வளையம் சமையலறை இழுப்பறையில, கரண்டிக்கு அடியில, ஒரு தீப்பெட்டிக்குள்ள இருக்காம்." விரலால் தள்ளினார். "இன்னும் இருக்குய்யா. அஞ்சு இருக்கு." இன்னும் தள்ளினார். திடீரென்று அவர் காது சிவந்தது. "ஏய், இதுல என் பேரு வருது!"

"என்ன போட்டிருக்கா?"

தோப்ரி தொண்டையைச் செருமினார். "'ராங்கெல், தோப்ரிகிட்டப் பேசு. தீக்குச்சி விஷயத்துல நான் கொஞ்சம் கடுமையாத்தான் எழுதிட்டேன். அவனுக்கு இருட்டுல படியேறப் பயம், கால் சரியில்ல. எனக்குப் பின்னாடிதான் தெரிஞ்சுது.'"

தெருவில் ஒரு டிராலி பஸ் நின்று, கதவைத் திறந்து, மூடி, போனது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"உன்கிட்ட எத்தனை தாளு இருக்கு?" என்றார் தோப்ரி கடைசியில்.

"பத்தொன்பது."

"பாதியைக் கொடு. நிறுத்தத்துப் பக்கம் நான் ஒட்டுறேன்."

ராங்கெல் மேலே போய் வாளியை நகர்த்திவிட்டு, இழுப்பறையில் கரண்டிக்கு அடியில் இருந்த தீப்பெட்டியை எடுத்தார். பிறகு கணினியின் முன்னால் உட்கார்ந்தார். பக்கத்தின் தலையில் 'வந்துட்டியா ராங்கெல்? செருப்பைக் கழட்டிட்டு வா' என்று இருந்தது. அடியில் 'இன்று வந்தவர்கள்: 1' என்று இருந்தது. அது ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தது. ஆறு பதிவின் கீழும் 'படித்தேன்' என்று எழுதினார். நண்பகலில் 7.5 வந்து நாற்பது நாளான பதிவுகளைத் தேடியது. ஒன்றும் கிடைக்கவில்லை.

குறித்த நேரத்தில் பதிவு வெளியாகாவிட்டால் செய்ய வேண்டியது இதுதான்: அந்த நேரம் கடந்த பிறகு, உள்நுழையாத வெளியாள் ஒருவர், தன் தொலைபேசியிலிருந்து, பக்கத்தை ஒரே ஒருமுறை திறக்க வேண்டும். சனிக்கிழமைகளில் ஒன்பது மணி ஒரு நிமிஷத்துக்குத் தரைத்தளத்தில் தோப்ரி திறக்கிறார். ராங்கெல் வெளியேற வேண்டியதில்லை.